வெந்நீர் மட்டும் வைக்கத் தெரிந்தவர் வரைந்த சமையலறை

சமையலறையை வடிவமைக்க வந்த பெண்ணிடம் நான் முதலில் கேட்டது, "நீங்கள் சமைப்பீர்களா?" என்றுதான். "வெந்நீர் வைப்பேன் மேடம்" என்று சிரித்தார். அன்றைக்கே வேறு நிறுவனத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்று என் கணவர் இன்றும் சொல்கிறார். ஒன்பது மாதமாக அவர் வரைந்த சமையலறையில் சமைக்கும் எனக்கு அப்படித் தோன்றவில்லை, சிம்னியைப் போடும் நேரம் தவிர.

சமைக்காதவர் சமையலறை வரைவது புதிதும் அல்ல. இன்றைய மாடுலர் சமையலறைகளின் பாட்டி என்று சொல்லத்தக்க ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையை 1926-இல் வடிவமைத்த ஆஸ்திரியக் கட்டிடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி, அதற்கு முன் தாம் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் ஒளிக்காமல் சொன்னவர். ஆனால் ரயிலின் உணவுப் பெட்டியில் சின்ன இடத்தில் எப்படி வேலை நடக்கிறது என்று பார்த்தார். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கிட்டார். எங்கள் பெண்ணும் நோட்டுப் புத்தகத்தோடு வந்து, பழைய சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். இந்த நிறுவனத்துக்கு நான் தரும் மதிப்பெண்ணில் பாதி அந்த ஸ்டூலுக்குத்தான்.

அதற்கு முன் அலுவலகத்திலிருந்து அனுப்பிய படத்தில் அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் இணைத்து ஒரு முக்கோணம் போட்டிருந்தார்கள். 1940-களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வகுத்த விதி அது: மூன்று பக்கங்களின் கூட்டுத்தொகை 13 அடிக்குக் குறையவும் 26 அடியைத் தாண்டவும் கூடாது. எங்களுக்கு 17 அடி வந்தது, எல்லோருக்கும் திருப்தி. இரண்டு மணி நேரம் பார்த்த பிறகு அந்தப் பெண் சொன்னார்: "மேடம், நீங்கள் இந்த மூன்று இடத்திலும் அதிகம் நிற்கவே இல்லை. நறுக்கிக்கொண்டேதான் இருக்கிறீர்கள்."

உண்மைதான். இத்தனை வருடம் சமைத்தும் எனக்கு அது உறைக்கவில்லை. பழைய வீட்டில் சிங்க்குக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு முழம் மேடை. அதிலும் பாதியை மிக்ஸி பிடித்துக்கொள்ளும். கழுவிய கீரையைத் தரையெல்லாம் சொட்டவிட்டு எதிர்ச் சுவர்ப் பக்கம் தூக்கிப் போவேன், நறுக்கியதைத் திரும்பத் தூக்கி வருவேன். இப்போது அந்த நடு இடம் மூன்றரை அடி. அதன் கீழே முதல் இழுப்பறையில் கத்திகள், அதற்கடுத்து இழுத்தால் வெளியே வரும் குப்பைத் தொட்டி. தோலைப் பலகையிலிருந்து அப்படியே தள்ளிவிடலாம். கீழே கதவு வைத்த அலமாரியே வேண்டாம், எல்லாம் இழுப்பறை என்று பிடிவாதம் பிடித்தது நான். மண்டியிட்டு உள்ளே தலையை நுழைத்துப் பாத்திரம் தேடிய காலம் போயிற்று.

உயரத்தில்தான் சண்டை. வழக்கமான 90 சென்டிமீட்டர் என்றார்கள். நான் குள்ளம். முழங்கைக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே மேடை இருந்தால்தான் தோள் தூக்காமல் நறுக்க முடியும். என் கணக்குக்கு 82. கடைசியில் நறுக்கும் மேடை 82, அடுப்பு அதைவிடத் தாழ்வாக 76, பெரிய பாத்திரத்துக்குள் எட்டிப் பார்க்க வசதியாக. தோள்வலி நின்றது. ஆனால் 6 சென்டிமீட்டர் படி ஒன்று நடுவில் வந்துவிட்டது. கனமான பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிப் பக்கத்துக்குத் தள்ள முடியாது, தூக்கியே ஆக வேண்டும். படியின் விளிம்பில் சேரும் பிசுக்கைத் துடைப்பது தனி வேலை. இதை யாரும் முன்பே சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. உயரமான என் கணவர் நறுக்க வந்தால் அடியில் ஒரு தடித்த மரக்கட்டையை வைத்துக்கொள்கிறார்.

மேடைக்குக் குவார்ட்ஸ் பார்க்க அழகு என்றார்கள். அதில் பிசின் கலந்திருக்கிறது, கொதிக்கும் பாத்திரத்தை நேரே வைத்தால் தழும்பு விழும். ஒவ்வொரு தடவையும் பாத்திரத்தின் அடியில் வைக்க மனை தேடும் பொறுமை எனக்கு இல்லை. கிரானைட் போட்டோம்.

விளக்கில் கோட்டை விட்டார்கள். கூரை நடுவில் பெரிய விளக்கு ஒன்று. மேடையை நோக்கி நின்றால் என் நிழல்தான் பலகை மேல். இருட்டில் விரல் நுனியருகே கத்தி ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புகார் சொன்ன பிறகு மேல் அலமாரிக்கு அடியில் பட்டை விளக்கு வைத்தார்கள், அதுவும் சுவரை ஒட்டி. முன் விளிம்பில் வைத்திருந்தால் வெளிச்சம் பலகையில் விழுந்திருக்கும். இப்போது சுவர் ஓடுகள் ஜொலிக்கின்றன.

மூலை அலமாரியின் சுழல் தட்டு வெறும் அலங்காரம். பின்னால் விழுந்த மூடி விழுந்ததுதான். ஆறு வாரத்தில் முடியும் என்ற வேலை பதினொரு வாரம் ஆனது. தச்சர்களின் வேலை சுத்தம்; இழுப்பறை ஒன்றுகூட இன்றுவரை சிக்கிக்கொள்ளவில்லை.

சிம்னிக்கு வருகிறேன். குழாயை மூன்று இடத்தில் வளைத்துத்தான் வெளியே கொண்டு போயிருக்கிறார்கள். ஒவ்வொரு வளைவும் காற்றின் வேகத்தைத் தின்றுவிடுவதால் சத்தம் முழுவதும் எனக்கு, புகை பாதி எனக்கு. எதிர்ச் சுவரில் துளையிட்டு நேரே விட்டுவிடலாம் என்று அந்தப் பெண்ணே பார்த்துவிட்டுச் சொன்னார். ஆள் அனுப்புவதாகச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது.