பைபாஸுக்கு எங்கே போவது: பெரிய டாக்டரா, நல்ல வார்டா?

அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ ஒருவருக்கு பைபாஸ் போன்ற இதய அறுவைச் சிகிச்சை வேண்டும் என்று தெரிந்துவிட்டால் வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். திருநெல்வேலி ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையா, வண்ணார்பேட்டைப் பக்கம் தனியாரா, மதுரையா, திருவனந்தபுரமா என்பது ஒன்று. "அங்கே எந்த டாக்டர் அண்ணாச்சி?" என்பது மற்றது. அங்கே வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் பயமில்லாமல் பேசிக்கொள்கிறார்களா என்பதையும் விசாரிக்க வேண்டும். டாக்டரின் பெயரைவிட அது முக்கியம் என்றே நான் கருதுகிறேன்.

சில மருத்துவமனைகள் ஒரே ஒரு பெரிய மருத்துவரைச் சுற்றி இயங்குகின்றன. கை தேர்ந்தவர்தான். ஆனால் ஆபத்து அவருடைய கையோடு முடிந்துவிடுவதில்லை. அறுவை முடிந்த இரவில் மார்பில் வைத்த வடிகுழாய் வழியே வடிந்துகொண்டிருந்த இரத்தம் திடீரென்று நின்றுபோகும். தெரியாதவர்களுக்கு அது நல்ல செய்தி. குழாய் அடைத்து, இதயத்தைச் சுற்றி இரத்தம் தேங்கி அழுத்துகிறது என்பதாகவும் அது இருக்கலாம். நாடி ஏறும், இரத்த அழுத்தம் இறங்கும். மார்பை உடனே மீண்டும் திறக்க வேண்டிவரலாம். இதை முதலில் கவனிப்பவர் இரவுப் பணியில் இருக்கும் செவிலியர். "இதற்கா எழுப்பினாய்?" என்று முன்பு திட்டு வாங்கியவர் அரை மணி நேரம் தயங்குவார். அந்த அரை மணியில் உயிர் போய்விடலாம்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் குழந்தைகளின் இதய அறுவைச் சிகிச்சையில் நடந்ததும் வாய் திறக்க முடியாமையின் கதைதான். குழந்தைகள் அதிகமாக இறக்கிறார்கள் என்று மயக்க மருத்துவர் ஸ்டீபன் போல்சின் எச்சரித்தும் நிர்வாகம் காது கொடுக்கவில்லை. 1991 முதல் 1995 வரை, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 30 முதல் 35 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று 2001இல் வெளிவந்த விசாரணை அறிக்கை கணக்கிட்டது. அமெரிக்காவின் வடகிழக்கில் மூன்று மாநிலங்களின் இதய அறுவை மருத்துவர்கள் இதற்கு நேர்மாறாக நடந்தார்கள். தங்கள் இறப்புக் கணக்குகளை ஒருவருக்கொருவர் திறந்து காட்டினார்கள். குழுவோடு போய் மற்றவர் மருத்துவமனையைப் பார்த்தார்கள். பைபாஸ் இறப்புகள் 24 சதவீதம் குறைந்தன.

இனி நம் ஊர்த் தேர்வுகள். மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த அரசு மருத்துவமனையில் நடுநிசியிலும் பயிற்சி மருத்துவர்கள் இருப்பார்கள். செலவும் கழுத்தை நெரிக்காது. கூட்டமும் செவிலியர் பற்றாக்குறையும்தான் குறை. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போது, அறுவை செய்துகொண்டவர்கள் மருத்துவமனையில் சேர்ந்த 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏழு சதவீதம் ஏறியது. தனியாரில் அறை சுத்தமாக இருக்கும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் பல இடங்களில் செல்லும். ஆனால் குறைந்த சம்பளத்துக்கு வந்த செவிலியர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே இருந்தால், தீவிர சிகிச்சைப் பிரிவில் அனுபவம் தங்காது. பளிங்குத் தரையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. "தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள்? மூத்த செவிலியர் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்? இரவில் அறுவை மருத்துவர் கட்டடத்துக்குள் இருப்பாரா?" என்று நேராகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் நிர்வாகத்தை நான் நம்பமாட்டேன்.

பிறவி இதயக் கோளாறு உள்ள குழந்தைக்கும் இரண்டாம் முறை மார்பைத் திறக்க வேண்டியவருக்கும் தொலைவைப் பார்க்கக் கூடாது. அத்தகைய அறுவைகள் நிறைய நடக்கும் இடத்துக்கே போக வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்துக்கு நம் பக்கத்து மக்கள் போவதில் நியாயம் இருக்கிறது. சாதாரண பைபாஸ் என்றால், மேற்சொன்ன கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும் பக்கத்து மருத்துவமனையையே தேர்ந்தெடுப்பேன். இதயத்தில் உலோக வால்வு வைத்தவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. அவர்கள் ஆயுள் முழுக்க, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட வேண்டும், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும். எங்கே அறுவை செய்தாலும், அந்த முடிவைப் பார்த்து மாத்திரை அளவைக் கூட்டிக் குறைக்கப்போகிறவர் ஊர்ப்பக்கம் யார் என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.