பழைய கேமரா ஷட்டரை சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்: 480 வெள்ளி போச்சு

கோலாலம்பூரில் பழைய ஃபிலிம் கேமரா வைத்திருக்கும் நம் ஆட்களுக்காக எழுதுகிறேன். லென்ஸுக்குள் இருந்து ஒளியைத் திறந்து மூடும் ஷட்டரை முழுசாகப் பிரித்து சர்வீஸ் செய்து தருகிறேன் என்று சொன்ன ஒரு ஆளிடம் 480 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். அந்த ஆள் அதைப் பிரிக்கவே இல்லை. முன்பக்கத்திலிருந்து எண்ணெயை விட்டு, கொஞ்ச நாள் ஓடுகிற மாதிரி செய்து கொடுத்து அனுப்பிவிட்டார். கேட்டால் மழுப்பல். நேற்று இரவு புலனத்தில் (வாட்ஸ்அப்) என் எண்ணையே தடுத்துவிட்டார். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அதுவரைக்கும் வேண்டாம். பழைய வணிக வளாகம் ஒன்றின் மேல்மாடியில், பழைய கேமராக்களை வாங்கி விற்று, பழுதும் பார்க்கிற சின்னக் கடை. இந்த அளவுக்குத் தெரிந்தால் போதும்.

கேமரா அப்பாவுடையது. ரோலைகார்ட் ஃபைவ்-பி, 1962இல் வெளிவந்த மாடல். மேலே பார்ப்பதற்கு ஒரு லென்ஸ், கீழே படமெடுப்பதற்கு ஒரு லென்ஸ். கீழே இருப்பது ஷ்னைடர் ஸீனார் 75 மி.மீ. அதற்குள் உட்கார்ந்திருப்பது சிங்க்ரோ-காம்பூர் ஷட்டர், ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஃபிரீட்ரிஷ் டெக்கல் கம்பெனி செய்தது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் கல்யாணம், காதுகுத்து, தண்ணீர்மலை முருகன் கோயில் தைப்பூசம் என்று அப்பா பல வருஷம் இதில்தான் படம் எடுத்தார். எங்கள் வீட்டு ஆல்பம் முழுக்க இந்தக் கேமராதான்.

அதில் இருந்த கோளாறு பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. 1/125, 1/250 நொடி வேகங்கள் எல்லாம் நன்றாக அடித்தன. ஒரு நொடி, அரை நொடி வைத்தால் மட்டும் கர்ர் என்று தொடங்கி நடுவழியில் நின்றுவிடும். ஷட்டரின் மெல்லிய தகட்டு இதழ்கள் திறந்தது திறந்தபடி இருக்கும். காரணமும் தெரிந்ததுதான். மெதுவான வேகங்களுக்கென்று ஷட்டருக்குள் சுவர்க்கடிகாரத்தில் இருப்பது போல ஒரு பற்சக்கரத் தொகுதி உண்டு. அது ஸ்பிரிங்கின் ஓட்டத்தைப் பிடித்துப் பிடித்து விடுவதால்தான் அந்தக் கர்ர் சத்தம். வருஷக்கணக்கில் கிடந்தால் கிரீஸ் இறுகிச் சக்கரங்கள் சிக்கிக்கொள்ளும். வேகமான அளவுகளில் இந்தத் தொகுதிக்கு வேலை மிகக் குறைவு, அதனால் அவை தப்பித்துக்கொள்ளும்.

இதற்கு வைத்தியம் ஒன்றுதான். பிரிக்க வேண்டும், பற்சக்கரத் தொகுதியை வெளியே எடுத்துக் கழுவ வேண்டும், தேவையான முனைகளில் மட்டும் துளி எண்ணெய் வைக்க வேண்டும். ஒளியை மறைக்கும் ஐந்து இதழ்களில் எண்ணெய் படவே கூடாது. அவை காய்ந்த நிலையில் ஓடுவதற்காகவே செய்யப்பட்டவை. மெல்லிய எண்ணெய்ப் படலம் பட்டாலே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவையும் அந்த ஆளே என்னிடம் விளக்கிச் சொன்னார். அதனால்தான் நம்பினேன்.

கடைக்குள் போனபோது மேசை மேல் வெள்ளைத் துணி விரித்து, ஒரு ஷட்டரை அக்கக்காகக் கழற்றி வைத்திருந்தார். சின்னச் சின்ன திருகுகள் வரிசையாக ஒரு தட்டில். பினாங்கா என்று கேட்டார். அப்பா கேமராவா, எங்கே படம் எடுப்பார் என்று விசாரித்தார். தண்ணீர்மலை என்றதும் முகம் மலர்ந்து, தானும் சின்ன வயசில் அங்கே பால்குடம் பார்த்திருப்பதாகச் சொன்னார். அப்புறம் கேமராவை வாங்கி, 1/500ஐ வைத்த பிறகுதான் ஷட்டரை முறுக்கும் லீவரை இழுத்தார். இழுத்த பிறகு 1/500க்குத் திருப்பக் கூடாது என்று அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதைத் தெரிந்து செய்கிற ஆள் தொழில் தெரிந்தவராகத்தான் இருப்பார் என்று மனசு சொன்னது.

“கவலப்படாத தங்கச்சி. முழுசா பிரிச்சு, கழுவி, டெஸ்டர்ல வச்சு ஒவ்வொரு ஸ்பீடும் பாத்துத் தரேன். மூணு மாசம் கேரண்டி. அப்பா கேமரா என் கையில பத்திரமா இருக்கும்.”

மொத்தம் 480 வெள்ளி என்றார். 200 முன்பணம் கொடுத்தேன். தன் அட்டையின் பின்னால் “ஃபுல் சர்வீஸ் 480” என்று எழுதிக் கொடுத்தார். அந்த அட்டை இப்போது என் முன்னால்தான் இருக்கிறது.

பிறகு இழுத்தடிப்பு. அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம். தீபாவளி கூட்டம் என்றார். ஒரு ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, ஜெர்மனியிலிருந்து வர வேண்டும், மீதி 280ஐ இப்போதே அனுப்பினால் இன்றே ஆர்டர் போடுகிறேன் என்றார். அனுப்பினேன். உள்ளே ஸ்பிரிங் எதுவும் மாற்றப்படவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

கேமராவைத் திருப்பி வாங்கிய அன்று கடையில் எல்லா வேகமும் அருமையாக அடித்தது. ஒரு நொடியை என் காதருகே வைத்து அடித்துக் காட்டினார். கர்ர்ர் என்று முழுசாக ஓடி முடிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த ஏமாற்று வேலையின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். லென்ஸின் முன்கண்ணாடியைக் கழற்றி, இதழ்களின் இடுக்கு வழியாக லைட்டர் திரவத்தையோ துரு நீக்கும் எண்ணெயையோ விட்டால் இறுகின கிரீஸ் இளகிவிடும். சக்கரங்கள் ஓடும். அன்றைக்குக் கேட்பவருக்கு சர்வீஸ் செய்ததைப் போலவே கேட்கும். ஆனால் கரைந்த அழுக்கு எங்கேயும் போவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து இதழ்களில் படியும், ஆவியாகிற எண்ணெய் கண்ணாடியின் உட்புறத்தில் பனி போல ஒட்டும். நம் ஊர் வெக்கையில் கேட்கவே வேண்டாம். ஷட்டர் நிற்கும் நேரத்தில் பணம் கைமாறி எவ்வளவோ நாளாகியிருக்கும்.

எங்களுக்கும் அதுதான் நடந்தது. கேமராவை ரயிலில் பட்டர்வொர்த் கொண்டுபோய் அப்பா கையில் கொடுத்தேன். அவர் முதலில் மூக்கருகே கொண்டுபோனார். “என்னம்மா, எண்ணெய் வாசம் அடிக்குது?” என்றார். அப்போதுகூட, புதுசாக சர்வீஸ் செய்தது அப்பா, அப்படித்தான் இருக்கும் என்று நான் அந்த ஆளுக்காகப் பேசினேன். சித்தப்பா மகளின் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு ரோல் போட்டு அப்பாவே எடுத்தார். பன்னிரண்டு படம். கழுவிப் பார்த்தால் நெகட்டிவ் எல்லாம் கன்னங்கரேல் என்று, ஒளி அளவுக்கு மீறி விழுந்து கிடக்கிறது. 1/125இல் மூட வேண்டிய இதழ்கள் ஒட்டிக்கொண்டு மெதுவாக மூடியிருக்கின்றன. பெண்ணுக்குத் தாத்தா பூ வைத்துவிடும் படம் அதில் இருந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, நெகட்டிவைச் சுருட்டி உறையில் போட்டுவிட்டார். 480 வெள்ளியைவிட அதுதான் எனக்கு எரிகிறது.

ஜார்ஜ்டவுனில் அப்பாவுக்குப் பழக்கமான ஒரு மாமா முன்பு கேமரா பழுது பார்த்தவர். அவர் எங்கள் கண்ணெதிரே திறந்தார். இந்த மாடலில் பற்சக்கரத் தொகுதிக்குப் போக வேண்டுமானால் முன்பக்கத் தோலை உரித்து, அதற்குக் கீழே உள்ள திருகுகளைக் கழற்றி, முன்தகட்டை எடுக்க வேண்டும். தோலின் அடியில் பழைய பசை காய்ந்து அப்படியே இருந்தது. யாரும் உரித்ததற்கான அடையாளமே இல்லை. முன்கண்ணாடி வளையத்தின் இரண்டு காடிகளும் மட்டும் சிதைந்திருந்தன. அதற்கென்று இருக்கும் ஸ்பேனர் இல்லாமல் ஏதோ இடுக்கியை வைத்துத் திருகியிருக்கிறார்கள். அது வழுக்கிக் கண்ணாடி ஓரத்தில் ஒரு கீறல். இதழ்களில் டார்ச் அடித்தால் வானவில் நிறத்தில் எண்ணெய். பற்சக்கரத்தில் புது எண்ணெய்க்குக் கீழே பழைய கிரீஸ், பழுப்பாக. ஒவ்வொன்றையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

போதாததற்கு, சற்று நேரம் கழித்துத் தானாகப் படம் அடிக்க வைக்கும் செல்ஃப் டைமருக்கான வி லீவரை யாரோ நகர்த்திப் பார்த்து அது பாதியில் சிக்கியிருந்தது. அப்பா அதைப் பல வருஷமாகத் தொட்டதே இல்லை. வயதான ஷட்டர்களில் அந்தத் தொகுதி சிக்கினால் ஷட்டரே பூட்டிக்கொள்ளும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பாலபாடம்.

இதையெல்லாம் அந்த ஆளுக்கு அனுப்பினேன். முதலில், “பழைய சாமான்மா, அப்படித்தான் இருக்கும்.” அப்புறம், “ஃபிலிம் காலாவதியா இருக்கும், பாருங்க.” அப்புறம், “என் கடைய விட்டுப் போகும்போது நல்லாத்தான இருந்துச்சு? வேற ஆள் கைல குடுத்துத் திறந்துட்டீங்க, கேரண்டி கிடையாது.” நீங்கள் பிரிக்கவே இல்லையே, தோலில் பழைய பசை இருக்கிறதே என்று கேட்டேன். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனபோது வேறொரு பையன், “பாஸ் வெளியூர்” என்றான். உள்ளே இருமல் சத்தம் கேட்டது. 480 வெள்ளியைத் திருப்பித் தாருங்கள், இல்லாவிட்டால் புகார் கொடுப்பேன் என்று நேற்று அனுப்பினேன். “போய்க் கொடு” என்று ஒரே வரி, அத்தோடு தடுத்துவிட்டார். தங்கச்சி என்று கூப்பிட்ட அதே ஆள்.

எச்சரிக்கை என்று தொடங்கிவிட்டேன், சொல்ல வேண்டியதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.

எதைப் பிரிப்பார், எதை மாற்றுவார் என்று எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். மீதிப் பணத்தை வேலை முடியும் முன் கொடுக்காதீர்கள், ஜெர்மனி ஸ்பிரிங் என்றாலும் சரி. வாங்கும்போது ஷட்டரை பி-யில் (அழுத்திப் பிடித்திருக்கும் வரை திறந்திருக்கும் நிலை) வைத்துத் திறந்து மூடி, இதழ்கள் மேல் டார்ச் அடித்துப் பாருங்கள். பளபளப்பு தெரிந்தால் எண்ணெய். கைப்பேசியில் நொடிக்கு 240 பிரேம் ஓடும் மெதுவோட்டக் காணொளி எடுங்கள்: ஒரு நொடி என்றால் ஏறக்குறைய 240 பிரேம் திறந்திருக்க வேண்டும், 1/30 என்றால் 8. வேகமான அளவுகளை இதில் பார்க்க முடியாது. ஒரு வாரம் கழித்து மறுபடியும் அடித்துப் பாருங்கள், எண்ணெய் வேலை அப்போதுதான் பல்லைக் காட்டும். முக்கியமான விசேஷத்துக்கு அதற்கு முன் எடுத்துப் போகாதீர்கள்.

ஏமாந்திருந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போங்கள். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைகளும் அடக்கம், வேலையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை கோரலாம், கட்டணம் 5 வெள்ளி, மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் வேண்டாம். அட்டை, பணம் அனுப்பிய சான்று, புலன உரையாடல், மாமா திறந்தபோது நான் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் அச்செடுத்துவிட்டேன். படிவத்தில் 480 என்று எழுதியாகிவிட்டது, திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

மேல்மாடிக் கடை, மேசையில் வெள்ளைத் துணி, மூன்று மாத கேரண்டி. இதைப் படித்ததும் உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். உங்கள் ரசீதையும் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள்.