பாபநாசம் பக்கம் ‘மதம் இல்லாத ஆன்மீகம்’ ரிட்ரீட், போலாமா வேண்டாமா

3 ஸ்டார் போட்டுருக்கேன். அதுல ரெண்டு தோப்புக்கும் சாப்பாட்டுக்கும், மிச்சம் ஒண்ணுதான் அவங்க காசு வாங்குன விஷயத்துக்கு.

இடம் திருநெல்வேலி ஜில்லா அம்பை (அம்பாசமுத்திரம்) தாண்டி பாபநாசம் போற வழில, மெயின் ரோட்ட விட்டு உள்ள போவணும். பேரு போடல, சின்ன இடம், நாலு பேரு பொழப்பு. சனிக்கிழமை காலைல போயி ஞாயிறு சாயங்காலம் வர்ற மாதிரி, தலைக்கு 4500 ரூவா. வாட்ஸ்அப்புல வந்த நோட்டீஸ்ல “மதம் கிடையாது, சடங்கு கிடையாது, உங்களை நீங்களே அறிய”ன்னு போட்டிருந்தாவ. நமக்கு கோயில் கொளம்னு பெரிய ஈடுபாடு இல்ல, அதுக்குன்னு கறுப்புச் சட்ட ஆளும் இல்ல, சரி நம்மள மாதிரி ஆளுக்குத்தான் போலன்னு பணத்த கட்டிட்டேன்.

நல்லத மொதல்ல சொல்லிருதேன். போன வாங்கி டப்பால போட்டு பூட்டிருதாவ, மத்தியானம் வரைக்கும் யாரும் யார்ட்டயும் பேசப்பிடாது, வாய்க்கா தண்ணி ஓடுத சத்தமும் மயிலு கத்துறதும்தான். இதுக்கு மட்டும் தனியா டிக்கெட் போட்டாலும் போவேன். சாப்பாடும் சும்மா சொல்லப்பிடாது, உளுந்தங்கஞ்சி, அவியல், மோரு, எல்லாம் வீட்டு ருசி. ஆனா வெங்காயம் பூண்டு கிடையாதாம். ஏன்னு கேட்டதுக்கு சாத்வீகம்னாரு நடத்துதவரு. மதம் இல்லன்னு சொன்னீங்களே சார், இது எங்கருந்து வந்துச்சுன்னு கேக்க நெனச்சேன், மௌன நேரம் ஆயிட்டு. ஓம் சொல்லவும் வச்சாவ, அது வெறும் வைப்ரேஷனாம்.

சனிக்கிழமைன்னு பாத்து பக்கத்து ஊரு அம்மன் கோயில்ல வருஷாபிஷேகம், ஸ்பீக்கர் அலறுது. எல்லா சத்தத்தையும் அப்படியே ஏத்துக்கோங்கன்னு எங்ககிட்ட சொல்லிட்டு, சவுண்ட கொறைக்கச் சொல்லுன்னு வேலை பாக்குத பையன அனுப்பிட்டாரு. அவன் அரை மணி நேரங்கழிச்சு வாளி நெறைய சக்கரப்பொங்கலோட வந்து நிக்கான். சவுண்டு கொறையல. அவரத் தவிர எல்லாரும் சாப்ட்டோம்.

எனக்கு ஒதைச்ச இடம் கண்ணாடி பயிற்சிதான். ஆளுக்கு ஒரு கண்ணாடி முன்னாடி உக்காந்து நம்ம மொகத்தையே பாக்கணும், இது ஏதோ வெளிநாட்டு டெக்னிக்குங்கற மாதிரி பில்டப்பு. யோவ், நம்ம பக்கம் ஊருக்கு ஊரு நிழல்தாங்கல் இருக்கு, அய்யாவழிக்காரங்க கும்பிடுத எடம், அங்க பள்ளியறைல சிலை கிடையாது, கண்ணாடியும் விளக்கும்தான், சாமின்னு பாக்கப் போனா ஒன் மொகந்தான் தெரியும். அந்த வழிய ஆரம்பிச்ச அய்யா வைகுண்டர் காலம் 1809லருந்து 1851, சாமிதோப்புல ஆரம்பிச்சது. ஆம்பளைங்க தலப்பா கட்டிட்டுத்தான் உள்ள போவாவ. தலப்பா கட்டப்பிடாது, மேல்துணி போடப்பிடாதுன்னு திருவிதாங்கூர்ல அமுக்கி வச்சிருந்த சனங்களப் பாத்து கட்டுங்கன்னு சொன்ன மனுசன் அவரு, ஜெயில்லயும் போட்டாவ. அந்த கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு சண்டையே இருக்கு. இங்க உள்ள கண்ணாடில நான் பாத்தது ஷேவ் பண்ணாத மொகம், அத பாத்து என்ன தோணுச்சுன்னு டைரில எழுதச் சொன்னாவ.

நடத்துதவரு ஒரு கணக்கு சொன்னாரு, அமெரிக்கால ப்யூ ரிசர்ச்னு ஒரு ஆய்வு நிறுவனம் 2023ல எடுத்த சர்வேல 22 சதவீதம் பேரு ஆன்மீகம் உண்டு, மதம் இல்லங்கற வகையாம். அது சரியான கணக்குதான். ஆனா அங்க சர்ச்சுக்கு போறத நிறுத்திட்டா ஒரு விஷயம் முடிஞ்சிரும். நம்மூர்ல எத நிறுத்த? பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்கு வரலன்னா எங்க பெரியப்பா போன் போடுவாரு, ஏல நம்பிக்கை இருக்கான்னு இதுவரைக்கும் ஒருவாட்டி கூட கேட்டதில்ல, தலைக்கட்டு வரி (கோயிலுக்கு குடும்பத்துக்கு இவ்வளவுன்னு குடுக்குதது) குடுத்தியா, பொங்கப் பானைய தூக்கிட்டு யாரு வாரா, இவ்வளவுதான் கேள்வி. மனசுக்குள்ள நான் என்னத்த நெனச்சாலும் அவருக்கு கவலையே இல்ல. பொட்டல்புதூர் தர்காவுக்கு நேந்துக்கிட்டு போற எங்க அத்தைய போயி நீங்க எந்த லேபிள்னு கேட்டா காப்பி தரமாட்டா.

அதனால மதத்த எடுத்துட்டோம்னு இவங்க சொன்னதுல உள்ளபடி எடுத்தது சாமிய இல்ல, வரியையும் பெரியப்பாவையும்தான். வடலூர் வள்ளலாரும் சாதி மதம் வேண்டாம்னவருதான், ஆனா 1867ல தருமசாலை கட்டி அடுப்ப பத்த வச்சாரு, அந்த அடுப்பு இன்னிக்கு வரைக்கும் அணையல. இங்க ரெண்டு நாளும் அடுத்தவன் சோறு தின்னானான்னு யோசிக்க ஒரு சந்தர்ப்பம் கூட இல்ல, முழுக்க நான் நான் நான்.

கூட வந்ததுல பாளையங்கோட்டை ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருத்தவ இருந்தாவ, ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு போவாம இங்க வந்து உக்காந்திருக்கேன், பாஸ்டர் தேடுவாருன்னு சிரிச்சாவ. வட்டமா உக்காந்து பேசுனப்ப, வீட்டுக்காரரு போனதுக்கப்புறம் பாட்டு பாடுத வரிசைல நிக்க முடியல, எல்லாரும் பாவமா பாக்காவ, யாரும் என்னைத் தெரியாத இடத்துல செத்த நேரம் உக்காரணும்னு தோணிச்சுன்னாவ. அவ்வோளுக்கு இந்த எடம் நெசமாவே உதவிச்சு, அத மறைக்க எனக்கு மனசு வரல. அந்த மிச்ச ஒரு ஸ்டார் அதுக்குத்தான்.

ஊரும் சொந்தமும் ஓவரா தெரிஞ்ச ஆளுகளுக்கு, ரெண்டு நாளு தப்பிச்சு ஓட நல்ல எடம். ஆன்மீகத்துல புதுசா எதாவது கெடைக்கும்னு போனா ஒண்ணும் கெடைக்காது.

பாத்ரூம் சுத்தம், வெந்நீ காலைல மட்டும். கொரங்கு தொல்ல உண்டு, ஜன்னல சாத்திட்டு படுங்க. ஐப்பசி கார்த்திகை மழைல போவாதீங்க, உள்ள போற ரோடு சகதியாயிரும். பணம் முழுசா முன்னாடியே கட்டணும், கேன்சல் பண்ணா பாதிதான் திரும்ப வரும், ஜிபே எடுப்பாவ.