யாழ்ப்பாணத்தில் சாப்பிடப் போகிறவர்களுக்கு

ஊருக்குப் போகிறவர்கள் எல்லாரும் எந்தக் கடை நல்லது என்றுதான் கேட்கிறார்கள். கனடாவிலிருந்து இந்த முறை நல்லூர்த் திருவிழா நேரம் பார்த்துப் போய், மாமி வீட்டில் நின்று, பாதிச் சாப்பாடு வெளியில்தான் சாப்பிட்டேன். என்னைக் கேட்டால் யாழ்ப்பாணத்தில் கடையை விட மணியும் கிழமையும்தான் முக்கியம். ஒரே கடை காலையில் ஒரு மாதிரி, இரவில் வேறு மாதிரி.

காலையில் எழும்புங்கள், அதுதான் முதல் வேலை. இடியப்பம், சொதி, சம்பல், பிட்டு எல்லாம் காலைச் சாப்பாடு. எட்டு மணிக்குப் போனால் சூடாகக் கிடைக்கும், பத்தரைக்குப் போய்க் கேட்டால் "முடிஞ்சுது அண்ணை, ரோல்ஸ் இருக்கு" என்பார்கள். நேர மாற்றத்தில் பத்து மணிவரை நித்திரை கொள்கிறவர்கள் பாணும் பருப்பும்தான் சாப்பிட வேண்டிவரும். தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்ததும் ஒரு தட்டில் வடை, ரோல்ஸ், பற்றிஸ் என்று அடுக்கிக் கேட்காமலே கொண்டுவந்து வைப்பார்கள், தின்றதற்கு மட்டும் காசு. மிச்சம் அப்படியே அடுத்த மேசைக்குப் போகும். ஒவ்வொன்றையும் விரலால் அமத்திப் பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் போன ஒருவரையும் பார்த்தேன், அதற்குப் பிறகு நான் வடையைச் சட்டியிலிருந்து எடுக்கும்போதே கேட்டு வாங்கினேன்.

யாழ்ப்பாணப் பட்டணத்துக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் இருக்கும் அம்மாச்சி உணவகத்துக்குக் கட்டாயம் போங்கள். மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்களே நடத்துகிறார்கள், கண்ணுக்கு முன்னாலேயே சுட்டுத் தருகிறார்கள். நீங்களே போய் வாங்கி, இருந்து சாப்பிட்டு, எழும்பி வர வேண்டியதுதான். உபசாரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் துப்புரவு. கம்பஸ் பிள்ளைகள், கந்தோருக்குப் போகிறவர்கள், எங்களைப் போல வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

மத்தியானத்துக்கு பட்டணத்தில் மலாயன் கபே. பழைய சைவக் கடை, பளிங்குக் கல் மேசை, வாழையிலை. கறி வாளியோடு பெடியன் மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டே இருப்பான், போதும் என்று கையால் மறிக்காவிட்டால் நிறுத்த மாட்டான். நான் போன மற்றக் கடைகளில் கோப்பைக்கு மேல் லஞ்ச் சீற் என்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்துத்தான் சோறு போட்டார்கள். குழம்பை ஊற்றிப் பிசையும்போது சீற்றும் சேர்ந்து கையோடு வருவது எனக்குக் கடைசிவரை பழகவில்லை. இரண்டரைக்குப் பிறகு போனால் சோறு இருக்கும், கறி இருக்காது.

இரவு வந்தால்தான் எனக்கு ஏமாற்றம். ஆறு மணிக்கு எல்லாத் தெருவிலும் கொத்து ரொட்டி போடுகிற சத்தம் தொடங்கிவிடும். அது நல்ல சத்தம்தான், கொத்தும் நல்ல கொத்துதான். ஆனால் இரவில் யாழ்ப்பாணத்துக் கறி சாப்பிட வேண்டும் என்று புறப்பட்டால் எங்கே போனாலும் கொத்து, ஃப்ரைட் ரைஸ், பரோட்டாதான். புதிதாகத் திறந்த ஒரு ஏசி கடைக்குப் போனோம், பேர் வேண்டாம். மெனு ஒரு புத்தகம் அளவு. நண்டுக் கறி கேட்டோம், இல்லை. கணவாய் கேட்டோம், அதுவும் இல்லை. "அப்ப என்னதான் இருக்கு தம்பி?" என்று கேட்டதற்கு, பாவம், அவன் மெனுவை வாங்கி எதெது இருக்கிறது என்று விரலால் காட்டினான். எல்லாம் கோழி. முக்கால் மணி நேரம் கழித்து வந்த ஃப்ரைட் ரைஸைக் கனடாவில் ஸ்காபரோவிலேயே சாப்பிட்டிருக்கலாம். நண்டு கிடைக்காததற்கு அந்தப் பெடியனைக் குறை சொல்லவும் முடியாது. வடக்குக் கடலில் பிடிபடும் நல்ல நண்டு நிறைய ஏற்றுமதிக்குப் போய்விடுகிறது, மிச்சத்துக்குக் காலையிலேயே சந்தையில் போட்டி. நண்டு வேண்டுமென்றால் விடிய பாசையூர்ச் சந்தைக்குப் போய் நீங்களே வாங்கி, சமைக்கத் தெரிந்தவர் கையில் கொடுங்கள்.

அடுத்தது கிழமை. வெள்ளிக்கிழமை பாதிப்பேர் மீன், இறைச்சி என்று மச்சம் தொட மாட்டார்கள். நல்லூரில் கொடியேறினால் 25 நாளும் பல வீடுகளில் மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள், மாமியும் அப்படித்தான். கோயிலடியில் வாகனம் விடமாட்டார்கள் என்பதால் அந்தப் பக்கம் கடைகளுக்கு நடந்துதான் போக வேண்டும். கோயிலுக்குப் பக்கத்து ரியோ ஐஸ்கிரீம் கடைக்குத் திருவிழா இரவில் போய்ச் சனத்துக்குள் நெரிபட்டோம், பிள்ளைகளுக்கு அதுதான் ஊரிலேயே பிடித்த இடம். அதே காலத்தில் பனம்பழமும் விழும், அதனால் பனங்காய்ப் பணியாரத்துக்குக் குறையில்லை.

கூழ் குடிக்க ஆசை என்று கொடியேறின அன்றே சொல்லியிருந்தேன். "தீர்த்தம் முடியட்டும் ராசா" என்றுவிட்டார் மாமி. திருவிழா முடிந்த பிறகுதான் ஒடியல் மாவை, அதாவது காயவைத்த பனங்கிழங்கு மாவை, தண்ணீரில் ஊறப்போட்டு, தெளிந்த தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கசப்பைப் போக்கினார். பெரிய பானையில் மீன் தலை, நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, ஒரு பிடி அரிசி எல்லாம் வெந்த பிறகு அரைத்த செத்தல் மிளகாயும் புளியும், கடைசியில் கரைத்த மா. மா விழுந்ததும் துழாவுகிற கையை எடுக்கக் கூடாது, எடுத்தால் அடிப்பிடிக்கும் என்று என்னைத்தான் துழாவ விட்டார். பனையோலையை மடித்துச் செய்த பிளாவில் ஊற்றித் தந்தார், மூக்கால் தண்ணி ஓட ஓடக் குடித்தேன். இதைக் கடையில் தேடி அலையாதீர்கள், போன கையோடு வாங்கக் கூடிய சாமான் இல்லை இது. செய்து தருகிற இடங்களிலும் ஆள் கணக்குச் சொல்லி முதல் நாளே ஓடர் கொடுக்கச் சொல்கிறார்கள்.

காசு விஷயம்: பெரிய கடைகளில் மெனுவில் உள்ள விலைக்கு மேல் 10 வீதம் சேவைக் கட்டணமும், 2024 தை மாதத்திலிருந்து 18 வீதமாகிவிட்ட வற் வரியும் ஏறும், ஓடர் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். சேவைக் கட்டணம் எடுத்தாலும் பரிமாறுகிற பெடியன் கையில் தனியாக ஏதாவது கொடுங்கள். சின்னக் கடைகளுக்கு ஐயாயிரம் ரூபாய்த் தாளோடு போக வேண்டாம், காலையில் ஒருவரிடமும் மாற்றக் காசு இருப்பதில்லை.