ஃபுட்ஸ்க்ரேயில் ஒன்பது வருஷமாக ஃபோ

மெல்பர்ன் வந்த முதல் குளிர்காலத்தில் கூட வேலை பார்த்தவர் ஒருவர் ஃபுட்ஸ்க்ரே மார்க்கெட் பக்கத்து வியட்நாம் கடைக்கு, ஃபோ என்கிற அரிசி நூடுல்ஸ் சூப் சாப்பிட, இழுத்துப்போனார். அதிலிருந்து மாதம் இரண்டு தடவையாவது அங்கே போய்விடுகிறேன். குறையும் சொல்லப்போவதால் கடைப் பெயர் வேண்டாம்.

1975இல் போரின் முடிவில் தெற்கு வியட்நாமின் தலைநகர் சைகோன் விழுந்தபின் அகதிகளாக வந்தவர்கள் மெல்பர்னில் ரிச்மண்ட், ஸ்ப்ரிங்வேல், ஃபுட்ஸ்க்ரே எனக் குடியேறிய இடங்களில் முளைத்தவை இந்தக் கடைகள். அதனால் ஃபோவும் தெற்கு வியட்நாம் பாணிதான். கூடவே ஒரு தட்டு பயறு முளை, துளசி, எலுமிச்சை, மிளகாய் வரும்.

முதல்நாள் கிண்ணத்தின் மேலே மாட்டுக்கறி பச்சையாகக் கிடந்ததைப் பார்த்து விழித்தேன். மேசையைப் பகிர்ந்துகொண்டிருந்த பாட்டி ஒன்றும் பேசாமல் என் கரண்டியை எடுத்து, கறியைச் சூப்புக்குள் அமுக்கிவிட்டார். கொதிசூட்டில் அரை நிமிஷத்தில் வெளுத்துவிட்டது. முளையையும் அந்தச் சூட்டிலேயே போட்டுவிட வேண்டும். ஹோய்சின் என்கிற இனிப்புச் சாஸைச் சூப்பில் கொட்டாதீர்கள், சின்னத் தட்டில் ஊற்றிக் கறியைத் தொட்டுக்கொள்ளுங்கள். எலும்போடு சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம், பட்டை, அன்னாசிப்பூ போட்டு மணிக்கணக்கில் காய்ச்சிய சாறு அது. முதல் வாயை வெறுமனே குடித்துப் பாருங்கள்.

"சிரிக்கவே மாட்டேன்கிறார்கள்" என்று இணைய விமர்சனத்தில் பலர் நட்சத்திரத்தைக் குறைக்கிறார்கள். நம்மூர் மெஸ்ஸில் இலை போட்டவர் என்றைக்கு நலம் விசாரித்தார்? உட்கார்ந்ததும் தேநீர்க் கெட்டில் டொக்கென்று வரும், மெனு எண்ணைச் சொன்னால் பத்து நிமிஷத்தில் கிண்ணம் வரும். பில் மேசைக்கு வராது, கல்லாவுக்கு நாம்தான் போகவேண்டும்.

என் உண்மையான வருத்தம் வேறு. ஊரிலிருந்து வந்த அம்மாவுக்குக் காய்கறி ஃபோ கேட்டேன். காய்கறிதான் வந்தது, ஆனால் எலும்புச் சாற்றில். அம்மா கிண்ணத்தை முகர்ந்துவிட்டு மெதுவாகத் தள்ளிவைத்தார். கடைக்காரர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 'வெஜிடபிள்' என்றால் போதாது, வியட்நாமிய மொழியில் 'சாய்' என்று கேட்கவேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சாப்பிடும் சைவ உணவு அது. "அட, அமாவாசையும் பௌர்ணமியும்!" என்று அம்மா கணக்குப் போட்டுவிட்டார். அடுத்த முறை சாய் கடை ஒன்றில் காளான் சாற்று ஃபோவை மிச்சம் வைக்காமல் குடித்தார். மீன் சாஸும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நான் போக ஆரம்பித்தபோது 11 டாலராக இருந்த கிண்ணம் இப்போது 18. கறி குறைந்திருக்கிறது, சாறு குறையவில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் போனால் சாறு உப்புக்கரிக்கும். சனி, ஞாயிறு என்றால் பதினொன்றரைக்கே போய்விடுங்கள். கார்டுக்குத் தனியாகக் காசு பிடிப்பார்கள், நோட்டாகக் கொண்டுபோங்கள்.