கிடி நைட்ஹாக் கார்பன் மோனாக்சைடு அலாரம்: குளிரில் கரண்ட் போவதற்கு முன் வாங்கி வையுங்கள்

டெக்ஸாஸில் பிளேனோ நகரத்தில் எங்கள் வீடு. ஹாலில் செருப்பு அலமாரிக்கு மேலே உள்ள பிளக்கில் உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி ஒன்று செருகியிருக்கிறது. கிடி நைட்ஹாக். கரி, கேஸ் எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வீட்டுக்குள் சேர்ந்தால் கத்தும் அலாரம். முன்பக்கம் சின்னத் திரை, அதில் எப்போதும் 0. வாங்கியபோது முப்பது டாலர் சொச்சம். இரண்டு வருடம் அதை யாரும் கவனித்ததே இல்லை. 2021 பிப்ரவரி 15 இரவு எங்கள் ஐந்து பேரையும் காப்பாற்றியது அதுதான். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

டெக்ஸாஸைப் பனிப்புயல் தாக்கிய நேரம். அன்று அதிகாலை இரண்டு மணி வாக்கில் கரண்ட் போனது. மாற்றி மாற்றித்தான் நிறுத்துவார்கள் என்று சொன்னார்கள். எங்கள் தெருவில் போனது போனதுதான். எங்களுக்குக் கேஸ் ஹீட்டிங், பயமில்லை என்று நினைத்திருந்தேன். கேஸ் வந்தது. ஆனால் சூட்டை அறைகளுக்குத் தள்ளும் விசிறிக்கும், பற்றவைக்கும் போர்டுக்கும் மின்சாரம் வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மதியத்துக்குள் வீட்டுக்குள்ளேயே 52 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 11 செல்சியஸ். மறுநாள் டாலஸ் விமான நிலையத்தில் மைனஸ் 19 செல்சியஸ் வரை இறங்கியது.

சில விஷயங்களைச் சரியாகத்தான் செய்தோம். வீடு முழுவதையும் விட்டுவிட்டு, தெற்குப் பார்த்த ஒரே படுக்கையறைக்குள் எல்லோரும் சேர்ந்துகொண்டோம். மெத்தைகளைத் தரையில் போட்டு, சாப்பாட்டு மேஜையை நடுவில் இழுத்து, அதன்மேல் கம்பளிகளைத் தொங்கவிட்டுப் பிள்ளைகளுக்குக் கூடாரம் கட்டினோம். கதவிடுக்கில் துண்டைத் திணித்தோம். குழாய்கள் வெடிக்காமல் இருக்கத் தண்ணீரைச் சொட்டவிட்டு, சிங்க்குக் கீழே உள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்தோம். ஐந்து பேர் உடம்புச் சூட்டிலேயே அந்த அறை மற்ற அறைகளைவிட நன்றாக இருந்தது.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். சாயங்காலம் ஆனதும் அத்தைக்குக் கால் விறைத்துப்போய் வலிக்க ஆரம்பித்தது. அவர் குன்னூர்க்காரர், அப்போது எங்களுடன் தங்கியிருந்தார். கோடையில் கிரில் போட வாங்கிய கரி அரை மூட்டை கராஜில் இருப்பதைப் பார்த்துவிட்டார். "நாங்கெல்லாம் ராத்திரி கரிச்சட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்துல வச்சுட்டுத்தான் தூங்குவோம் கண்ணு. புகை அடங்கிட்டா ஒண்ணும் பண்ணாது" என்றார். எனக்கும் என் கணவருக்கும் அது நியாயமாகவே பட்டது. கணவர் கராஜ் ஷட்டரை ஓர் அடி தூக்கி வைத்துக் கரியைப் பற்றவைத்தார். புகை அடங்கிக் கரி செக்கச்செவேல் என்று ஆனதும், சூடு உள்ளே வரட்டும் என்று வீட்டுப் பக்கக் கதவைத் திறந்துவிட்டோம். அப்போது மணி ஒன்பது.

அரை மணி கழிந்திருக்கும். பெரியவன் தலை வலிக்கிறது என்றான். முந்தின இரவு தூக்கமில்லை, அதனால்தான் என்று நெற்றியில் தைலம் தடவிவிட்டேன். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. ஒன்பதே முக்கால் வாக்கில் அலாரம் அடித்தது. நாலு பீப், கொஞ்சம் இடைவெளி, மறுபடி நாலு பீப். காதைத் துளைக்கும் சத்தம். இருட்டில் ஓடிப்போய்ப் பார்த்தால் திரையில் 164. பத்து லட்சம் பங்கு காற்றில் 164 பங்கு அந்த வாயு, அதாவது 164 பிபிஎம்.

போட்ட உடையோடு கம்பளியை மட்டும் சுற்றிக்கொண்டு வெளியே ஓடினோம். டிரைவ்வேயில் நின்ற காரின் சைலன்சர் வாயில் அடைத்திருந்த பனியைக் காலால் தள்ளிவிட்டு, அதற்குள் உட்கார்ந்து அவசர உதவி எண் 911-க்குப் பேசினோம். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் கொரோனா சமயத்தில் வாங்கியது கைப்பையில் இருந்தது. பிள்ளைக்கு மாட்டிப் பார்த்தேன், 98. அப்பாடா என்றிருந்தது. வந்த தீயணைப்பு வீரர் அதை நம்பவே கூடாது என்றார். இரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு உட்கார்ந்துவிடும், இருநூறு மடங்குக்கும் மேலான இறுக்கத்தோடு. சாதாரண ஆக்ஸிமீட்டருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்.

அத்தை சொன்னது பொய்யில்லை. அவர் வளர்ந்த வீட்டில் ஓட்டிடுக்கிலும் ஜன்னலிடுக்கிலும் காற்று புகுந்து புறப்படும். எங்கள் வீடு அப்படியல்ல. போதாததற்குக் கதவிடுக்குகளைத் துண்டு வைத்து வேறு அடைத்திருந்தோம். புகையில்லாமல் கனலும் கரிதான் இந்த வாயுவை நிறையவே விடும். வாசனை இல்லை, நிறம் இல்லை, கண் எரியாது. மலைப்பக்கமும் மூடிய அறையில் கரி வைத்துத் தூங்கி இறந்தவர்களைப் பற்றிய செய்தி குளிர்காலத்தில் வருவதுண்டு. டெக்ஸாஸில் அந்தப் பனிப்புயலில் இறந்தவர்கள் 246 பேர் என்பது மாநில அரசின் கணக்கு. அதில் 19 பேர் கார்பன் மோனாக்சைடால் இறந்தவர்கள்.

சரி, கருவிக்கு வருகிறேன். எனக்கு இதில் மிகவும் பிடித்தது எண் காட்டும் திரை. வெறும் சத்தம் என்றால், பேட்டரி தீர்ந்துபோய்க் கத்துகிறது என்று கழற்றி வைத்திருப்போம். 164 என்று பார்த்த பிறகு யோசிக்கவே இல்லை. இரண்டாவது, உள்ளே 9 வோல்ட் பேட்டரி. நாள் முழுக்கக் கரண்ட் இல்லாமலே வேலை செய்தது. சுவர்க் கரண்டில் மட்டும் ஓடும் அலாரம் பனிப்புயலில் எதற்கும் உதவாது. 'பீக் லெவல்' என்று ஒரு பொத்தான் உண்டு, அதிகபட்சம் எவ்வளவு ஏறியது என்பதைக் காட்டும். வந்தவர்கள் முதலில் அழுத்திப் பார்த்தது அதைத்தான்.

தெரிந்துகொள்ள வேண்டியதும் உண்டு. 30 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் திரையில் 0 என்றுதான் வரும். எழுபதில் ஒரு மணி நேரம் கழித்துத்தான் அடிக்கும், 150-ல் பத்து முதல் ஐம்பது நிமிடத்துக்குள், 400-ல் நாலு முதல் பதினைந்து நிமிடத்துக்குள். யுஎல் 2034 என்ற அமெரிக்கத் தரத்தின் விதி அப்படி. அதனால் இது இருக்கிறதே என்று அடுப்பையோ ஜெனரேட்டரையோ உள்ளே கொண்டுவராதீர்கள். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். கேஸ் அடுப்பில் சமைக்கலாம், அதை அறையைச் சூடாக்க எரியவிடக் கூடாது. ஒற்றை 'கிச்' சத்தம் விட்டு விட்டு வந்தால் அது பேட்டரிக்காக. ஒரு பேட்டரி கூடுதலாக வாங்கி வையுங்கள்.

பெயர் தெரியாத மலிவு அலாரம் ஒன்றும் ஆன்லைனில் வாங்கியிருந்தேன், படுக்கையறைக்கு. அதே இரவு, அதே வாயு, அது அடிக்கவே இல்லை. யுஎல் 2034 என்று அட்டையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இப்போது படுக்கையறைகளுக்கு வெளியே, மாடியில், கராஜ் கதவுக்குப் பக்கத்தில் என்று மூன்று நைட்ஹாக் இருக்கின்றன. புரொப்பேன் ஹீட்டர் வாங்கலாமா என்று கணவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல தூக்கப்பைகள் ஐந்து வாங்கினேன்.

அத்தை ஊருக்குத் திரும்பியபோது அவருக்கும் ஒன்று கொடுத்தனுப்பினோம். பிளக்கில் செருகும் வகை 120 வோல்ட்டுக்கானது, இந்தியாவில் ஆகாது. அதனால் மூன்று ஏஏ பேட்டரியில் மட்டும் ஓடும் வகை. கட்டில் பக்கத்து மேஜையில் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது டெஸ்ட் பொத்தானை அழுத்துகிறார். குன்னூரிலிருந்து நாலு பீப் எனக்குக் கேட்கிறது.