பவர் பிளக்கா, சுவர் சார்ஜரா? வீட்டில் மின்சாரக் காருக்கு ஏற்ற வழி எது

வீட்டில் மின்சாரக் காருக்குச் சார்ஜ் ஏற்ற நம் ஊரில் நடைமுறையில் இரண்டு வழிகள் உள்ளன. காரோடு வரும் கேபிளை, வாட்டர் ஹீட்டருக்குப் போடுவது போன்ற 15 ஆம்ப்ஸ் பவர் பிளக்கில் செருகுவது ஒன்று, 7.2 கிலோவாட் சார்ஜர் ஒன்றைச் சுவரில் பொருத்திக்கொள்வது மற்றொன்று. முன்னது ஏறத்தாழ 3.3 கிலோவாட் தரும். பின்னது 32 ஆம்ப்ஸ் வரை இழுத்து, அதைப்போல் இருமடங்குக்கு மேல் தரும். ஆனால் விடிய விடிய வாசலில் நிற்கும் காருக்கு அவ்வளவு வேகம் தேவையா என்பதை முதலில் கணக்கிட வேண்டும்.

இரவு 9 மணிக்குச் செருகிக் காலை 6 மணிக்கு எடுத்தால், பவர் பிளக்கிலிருந்து சுமார் 30 யூனிட் இழுக்கப்படும். வழியில் வீணாவது போகப் பேட்டரியில் 26 யூனிட் சேர்ந்தால், யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடும் காருக்கு அது 180 கிலோமீட்டர். சென்னையிலிருந்து விழுப்புரம் போய்ச் சேரலாம். நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இரண்டேகால் மணி நேரம் செருகினாலே போதும். 45 யூனிட் பேட்டரியை அடிமட்டத்திலிருந்து நிரப்ப 15 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பது உண்மையே. ஆயினும் தினமும் அப்படிக் காலியாக்கி வருபவர் மிகச் சிலரே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுவரில் மாட்டும் பெட்டி மாறுதிசை மின்சாரத்தைப் பாதுகாப்பாகக் காருக்கு அனுப்புகிறதே தவிர, அதைப் பேட்டரிக்கு ஏற்ற நேர்திசை மின்சாரமாக மாற்றுவது காருக்குள் இருக்கும் சார்ஜர்தான். டாடா டியாகோ மின்சாரக் காரின் சில வகைகள் 3.3 கிலோவாட் உள்சார்ஜரோடும், சில 7.2 கிலோவாட் உள்சார்ஜரோடும் வந்திருக்கின்றன. முதல் வகையை வாங்கியவர் எவ்வளவு பெரிய பெட்டியை மாட்டினாலும் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது.

பவர் பிளக்கின் உண்மையான பலவீனம் வேகம் அன்று, சூடு. வாட்டர் ஹீட்டர் கால் மணி நேரத்தில் அணைந்துவிடும். கார் அதே அளவு மின்சாரத்தை எட்டு மணி நேரம் ஓயாமல் இழுக்கும். தளர்ந்த பிளக் துளையும் சரியாக முறுக்கப்படாத ஒரு திருகும் அந்த எட்டு மணி நேரத்தில் கருகத் தொடங்கும். கேபிளின் நடுவில் உள்ள கனமான பெட்டியைத் தாங்கல் இல்லாமல் பிளக்கிலேயே தொங்கவிடுவது இந்தத் தளர்ச்சியை விரைவுபடுத்தும். எக்ஸ்டென்ஷன் பெட்டியை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தனி லைன், மின்னோட்டம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்சான எம்.சி.பி. ஒன்று அதற்கென, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., நல்ல எர்த்திங் ஆகிய நான்கும் இருந்தால்தான் பவர் பிளக் சுவர் சார்ஜரோடு போட்டியிடத் தகுதி பெறும். சுவர் சார்ஜருக்கும் இவை வேண்டும். கம்பி மட்டும் 6 சதுர மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். கையில் உள்ள பணத்தைப் பெட்டிக்குச் செலவிடும் முன் கம்பிக்கும் எர்த்திங்குக்கும் செலவிடுங்கள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

மின்கட்டணத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால், எந்த வழியில் ஏற்றினாலும் இரண்டு மாதக் கணக்கில் 300 யூனிட்டுக்கு மேல் கூடும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழுள்ள சில யூனிட்டுகளின் விலையும் உயர்ந்துவிடும் என்பதால், ஏற்கெனவே 300 யூனிட் செலவாகும் குடும்பம் இதை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும்.

ஸ்கூட்டருக்குச் சுவர் சார்ஜர் தேவையே இல்லை. இரண்டு கார் உள்ள வீட்டுக்கும், நாளும் 200 கிலோமீட்டர் ஓடும் வாடகைக் காருக்கும், கூரையில் சூரியத் தகடு போட்டுப் பகல் நேரத்துக்குள் ஏற்றி முடிக்க விரும்புவோருக்கும் அது தன் விலைக்கு ஈடான பயன் தரும். மழையில் நனையும் திறந்த வாசலுக்கும் நீர் புகாத சுவர்ப் பெட்டியே பொருந்தும். அதைப் பொருத்தும் முன் அனுமதிக்கப்பட்ட மின்பளுவை உயர்த்த மின்வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கலாம். மும்முனை இணைப்பு உள்ள வீட்டில் இந்த 32 ஆம்ப்ஸும் ஒரே முனையில்தான் ஏறும், ஆகவே ஏ.சி.யும் மோட்டாரும் இல்லாத முனையில் அதை இணைக்குமாறு எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட வேண்டும்.